சபைக்கு அஞ்சிச் செய்யும் செலவு

விலைவாசி ஏறிவிட்டது என்பது இன்று இல்லந்தோறும் ஒலிக்கும் பேச்சு. சந்தையிலோ ஆலய வாசலிலோ இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த மறுகணமே முட்டை விலையும் மீன் விலையும் பேச்சில் வந்துவிடுகின்றன. அப்பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், நடுத்தர வருமானம் பெறும் குடும்பங்கள் கடனில் மூழ்குவதற்கு விலைவாசி ஒன்றே காரணம் என்று கூறி அமைந்துவிடுவது, நோயின் பாதியை மட்டும் மருத்துவரிடம் சொல்வதற்கு ஒப்பாகும். மறுபாதி, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சத்தால் செய்யப்படும் செலவாகும். உற்றார் உறவினர் ஒன்றுகூடும் திருவிழாக் காலமே அதனைப் பேசுவதற்கு ஏற்ற காலமுமாகும்.

மலேசியாவில் நடுத்தர வருமானக் குடும்பம் என்பது எது? 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி, மாதம் 5,250 வெள்ளி முதல் 11,819 வெள்ளி வரை வருமானம் பெற்ற குடும்பங்கள் எம்40 என்னும் பிரிவில் அடங்கின. அரசாங்க உதவி நிதியை முழுமையாகப் பெறுவதற்கு இவர்களின் வருமானம் அதிகம். கவலையின்றி வாழ்வதற்கோ அது குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் இவர்களைத்தான் ஒவ்வொரு விலையேற்றமும் முதலில் தொடுகின்றது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பல சேவைகளுக்கான வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கோழி முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது.

எடுத்துக்காட்டாக, கணவன் மனைவி இருவரும் வேலை செய்து மாதம் 7,000 வெள்ளி ஈட்டும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் 800 வெள்ளி போய்விட, கைக்கு வருவது 6,200 வெள்ளி. வீட்டுத் தவணை 1,800, இரண்டு கார்களின் தவணை 1,500, பெட்ரோலும் டோல் கட்டணமும் 600, மளிகையும் காய்கறியும் 1,000, பிள்ளைகளின் பராமரிப்புக்கும் டியூஷனுக்கும் 700, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ஆகியவற்றுக்கு 400 என்று கூட்டிப் பார்த்தால் 6,000 வெள்ளி ஆகிவிடுகின்றது. மீதம் 200 வெள்ளி. இக்கணக்கில் ஊதாரித்தனம் ஏதுமில்லை. ஆனால் சாலை வரி, காப்புறுதி, பள்ளித் தொடக்கச் செலவு, பெற்றோரின் மருத்துவம், தீபாவளி ஆகிய அனைத்தும் அந்த 200 வெள்ளியைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன.

இத்தகைய குடும்பத்தில்தான் ஒரு நாள் திருமணப் பேச்சு எழுகின்றது. தாலி கட்டும் சடங்கு சில மணி நேரத்தில் நிறைவு பெறும். அதற்கு ஆகும் செலவையும் பெரும்பாலான குடும்பங்களால் தாங்க இயலும். தாங்க முடியாதது அதனைச் சுற்றி வளர்ந்துவிட்ட மற்றவை: ஆயிரம் பேருக்கு விருந்து, மின்விளக்கும் பூவும் நிறைந்த மேடை, நிச்சயதார்த்தத்திற்கு ஒரு மண்டபம், வரவேற்புக்கு வேறொரு மண்டபம், திருமணத்திற்கு முன்பே வெளியூர் சென்று எடுக்கும் புகைப்படங்கள். பூப்புனித நீராட்டு விழாவும் குழந்தையின் முதல் பிறந்தநாளும்கூட இன்று சிறு திருமணங்களாக மாறிவிட்டன. “அண்ணன் வீட்டில் அப்படிச் செய்தார்கள்; நாம் குறைத்துச் செய்தால் என்ன பேசுவார்கள்?” என்னும் ஒரு கேள்வி, குடும்பத் தலைவரின் கையொப்பத்தை வங்கிப் பத்திரத்தில் வாங்கிவிடுகின்றது.

அக்கையொப்பத்தின் விலை என்ன? ஆண்டுக்கு 6 விழுக்காடு நிலையான வட்டியில் 40,000 வெள்ளியை ஏழாண்டுத் தவணைக்குக் கடனாகப் பெற்றால், வட்டி மட்டும் 16,800 வெள்ளி ஆகும். மாதத் தவணை ஏறத்தாழ 676 வெள்ளி. திருமணத்திற்கு அடுத்த ஆண்டு பிறக்கும் குழந்தை பாலர் பள்ளியை முடிக்கும் வரையில் அந்த ஒருநாள் விருந்துக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்துண்டவர்கள் அதன் சுவையை மறந்து பல காலம் ஆகியிருக்கும்.

மாதம் 200 வெள்ளி மட்டுமே மீதம் காணும் குடும்பம், இந்த 676 வெள்ளியை எங்கிருந்து கொண்டுவரும்? முதலில் கடன்பற்று அட்டை கைகொடுக்கின்றது. 10,000 வெள்ளி நிலுவைக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், மாத வட்டி 150 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் செலுத்துகிறவர் 500 வெள்ளி கட்டியும் கடனில் 350 வெள்ளியே குறையும். புதிதாக ஒரு காசும் செலவிடாமல் இப்படியே கட்டிவந்தாலும், நிலுவை பாதியாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். அடுத்து, நகை அடகுக் கடைக்குப் போகின்றது. திருவிழாவுக்கென்று மீட்கப்பட்டு, கழுத்தில் ஒரு நாள் மின்னி, விழா முடிந்த வாரமே மீண்டும் அடகுக் கடைக்குத் திரும்பும் சங்கிலிகள் எத்தனை என்பதை அவற்றை அணிந்த தாய்மார்களே அறிவர். அதற்கும் அப்பால் வட்டி முதலைகளின் வாசல் திறந்திருக்கின்றது. அங்கே நுழைந்தவர்களின் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வீசப்பட்ட காட்சியை இந்நாட்டில் காணாதவர் குறைவு.

முதுமைக்கென வைத்த பணமும் தப்புவதில்லை. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதன் நோக்கமே, உழைத்து ஓய்ந்தவர் பிறரிடம் கையேந்தக்கூடாது என்பதுதான். கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி உறுப்பினர்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அன்று வேலை இழந்து பசியோடு இருந்தவர்கள் எடுத்ததைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கின்றது. அவசரத்திற்கென அமைந்த அக்கணக்கு, புதிய கைத்தொலைபேசிக்கும் விருந்துக்கும் கரையுமானால், அறுபது வயதில் வரும் உண்மையான அவசரத்திற்கு என்ன மிஞ்சும்?

இன்றைய தலைமுறையின் பாட்டன் பாட்டிமார் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களிலும் தோட்டக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளன்றே சம்பளத்தை இழந்தவர்கள் இருந்தனர். ஆயினும், அவர்கள் ஒன்று சேர்ந்து சேமித்த வரலாறும் உண்டு. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் தங்கள் சிறு ஊதியத்திலிருந்து தவணை முறையில் பங்குப் பணம் கட்டினர். அப்பணம் திரண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. அன்று அண்டை வீட்டார் பங்குப் பணம் கட்டுவதைக் கண்டு தாமும் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அண்டை வீட்டாரின் காரைக் கண்டு தாமும் கார் வாங்குகின்றனர். பிறரைப் பார்த்து நடக்கும் குணம் அன்றும் இன்றும் ஒன்றே. எதனைப் பார்த்து நடப்பது என்பதுதான் மாறிவிட்டது.

ஆகவே, சபை எதனை மதிக்கின்றதோ அதனையே குடும்பங்கள் செய்யும் என்பது தெளிவு. அந்தச் சபை பெரும்பாலும் கூடுவது ஆலயங்களிலும் அவற்றின் மண்டபங்களிலும்தான். எனவே இதில் ஆலய நிர்வாகங்களுக்கும் வசதி படைத்த புரவலர்களுக்கும் பெரும் பொறுப்பு உண்டு. சன்னிதியில் தாலி கட்டி, நூறு நூற்றைம்பது பேருக்கு வாழையிலையில் சைவ உணவு பரிமாறி நிறைவு செய்யும் எளிய திருமணத்திற்கென ஒவ்வோர் ஆலயமும் குறைந்த கட்டணத்தில் ஒரு திட்டம் வகுக்கலாம். உபயகாரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது தொகையைச் சொல்லாமல் விடலாம். ஒரு நாள் உபயத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஏற்க வழி செய்யலாம். கடன் வாங்கிச் செய்யும் உபயத்தை அன்போடு மறுத்து, அக்குடும்பத்தை மலர் தொடுக்கவும் அன்னதானத்தில் பரிமாறவும் அழைப்பதும் அறமே. இறைவன் எவரிடமும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் உள்ளவர் தம் இல்லத் திருமணத்தை எளிமையாக நடத்திக் காட்ட வேண்டும். இல்லாதவர் எளிமையாகச் செய்தால் அது இயலாமை என்று பேசப்படும். உள்ளவர் செய்தாலோ அது வழக்கமாகிவிடும். அவ்வழக்கத்தின் நிழலில் ஆயிரம் குடும்பங்கள் மானத்தோடு ஒதுங்கலாம்.

வாழ்வில் ஒருமுறை வரும் திருமணத்தைச் சிறப்பாகச் செய்வதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. மண்டபத்தார், சமையற்காரர், நாதஸ்வரக் கலைஞர், பூ வியாபாரி ஆகியோரின் பிழைப்பையும் அவர்கள் சுட்டிக் காட்டுவர். இருப்பவர் கையில் உள்ளதைச் செலவிட்டுச் சிறப்பிப்பதில் தவறு இல்லை. இல்லாத பணத்தைச் செலவிடுவதே இங்கு குறையாகச் சொல்லப்படுகின்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று முன்னோர் சொன்னதும் இதனையே.

ஏற்கனவே கடனில் சிக்கியுள்ள குடும்பங்கள் மனம் தளர வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் ஒரு மாலை அமர்ந்து, இருக்கும் கடன்கள் அனைத்தையும் ஒளிவு மறைவின்றி ஒரே தாளில் எழுதுவது முதற்படி. வளர்ந்த பிள்ளைகளுக்கும் அத்தாளைக் காட்டலாம். குடும்ப நிலையை அறிந்த பிள்ளை, தன் திருமணத்திற்கு ஆயிரம் பேர் வேண்டும் என்று கேட்காது. தவணை தவறுவதற்கு முன்பே வங்கியை அணுகிப் பேசுவது அடுத்த படி. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம், கட்டணமின்றி ஆலோசனை வழங்கி, வங்கிகளோடு பேசித் தவணைகளைச் சீரமைக்க உதவுகின்றது. கடனை மறைப்பதற்காக இன்னொரு கடன் வாங்குவதைக் காட்டிலும், அந்த வாசலை மிதிப்பதில் எவ்வித இழிவும் இல்லை.

விலைவாசியைக் குறைப்பது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. விருந்தினர் பட்டியலைக் குறைப்பது அதன் கையில் இருக்கின்றது. இவ்வாண்டுத் திருவிழாவில் ஒரு தாய் மஞ்சள் கயிறு மட்டும் அணிந்து சன்னிதியில் நிற்பாராயின், அவர் கழுத்தைப் பார்த்து எவரும் ஒரு சொல்லும் சொல்லாதிருப்பதே, அங்கே கூடியிருக்கும் அன்பர்கள் அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.