சலித்துப்போகுமா காதல்?

அண்மையில் விடுதி நண்பர் ஒருவர் தம் காதலை முறித்துக்கொண்டார். காரணம் கேட்டேன். "நல்ல பெண்தான், ஆனால் சலித்துவிட்டது" என்றார். ஈராண்டுக் காதல் ஒரே சொல்லில் முடிந்தது! அச்சொல் என்னை உறங்கவிடவில்லை.

நான் நகரியைச் சேர்ந்தவன். என் பெற்றோர் இருவரும் விசைத்தறிக் கூடத்தில் பாடுபடுகிறவர்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேளாது. நாள் முழுதும் அதே தறி, அதே முகம். விடுமுறையில் அன்னையிடம் துணிந்து கேட்டேன், "உங்களுக்குச் சலிக்கவில்லையா, அம்மா?" என்று.

அவர் சிரித்தார். "சலிக்காம இருக்குமாடா? சலிச்சா சண்டை போடுவோம். சண்டை ஓஞ்சா கைலாசகோனா அருவிக்குப் போயிட்டு வருவோம். வாய்மூடிக் கிடந்தாத்தான்டா பயம்!"

வள்ளுவர் காமத்துப்பாலை எங்கே முடிக்கிறார்? 'ஊடலுவகை' என்னும் 133ஆம் அதிகாரத்திலே! ஊடலுக்கும் அன்பில் இடமுண்டு என்பதை என் அன்னை குறள் படிக்காமலே அறிந்திருக்கிறார். நாமோ சலிப்பு வந்ததும் எதிரெதிரே அமர்ந்து கைப்பேசியில் முகம் புதைக்கிறோம். அல்லது வேறு முகம் தேடுகிறோம்.

சலிப்பு சிறிய செய்தியன்று. மணமாகி 7ஆம் ஆண்டில் சலிப்புற்றிருந்த இணையர், 16ஆம் ஆண்டில் மனநிறைவு குன்றியிருந்தனர் என்கிறது 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று. ஆயினும் மருந்து உண்டு. உளவியலறிஞர் ஆர்தர் ஆரன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இணையரின் கைகால்களைச் சேர்த்துக் கட்டி, தலையணையொன்றைக் கைபடாமல் தாங்கியபடி தவழச் செய்தனர். சில நிமிட விளையாட்டுதான்! எளிய, பழகிய வேலை பெற்றவர்களைவிட இவர்களே தம் உறவில் மிகுந்த நிறைவு கண்டனர். அன்னையின் அருவிப் பயணமும் இதுதானே?

திருமலையில் வேங்கடவனுக்கு நாள்தோறும் கல்யாண உற்சவம் நடக்கிறது. கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் அதில் ஒரு பாடம் காணலாம். ஒருமுறை மாலை மாற்றியதோடு மணம் முடிந்துவிடுவதில்லை.

தோழர்களே! தோழியரே! வசைக்கும் அடிக்கும் ஆளானவர் விலகுவதே முறை, அது வேறு. வெறும் சலிப்புக்காகப் பிரியுமுன், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவரும் அறியாத ஒன்றைச் சேர்ந்து செய்து பாருங்கள். மாவைச் சல்லடையில் இடுவதற்கும் தமிழில் 'சலித்தல்' என்றே பெயர். தவிட்டை நீக்குங்கள், மாவையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள்!