பருப்புப் பொடியும் ட்ரம்பெட்டும்

பிள்ளையையோ பெண்ணையோ வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டில் கடைசி ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடமெல்லாம் பெட்டிகள், நடுவில் ஒரு தராசு, "இன்னும் அரைக் கிலோவுக்கு இடம் இருக்கே, அப்பளம் வைக்கட்டுமா?" என்று ஒரு குரல்.

என் அண்ணா வீட்டிலும் அப்படி ஒரு ராத்திரி வந்தது. அண்ணா பெண் பள்ளிக்கூட பாண்டில் ட்ரம்பெட் ஊதக் கற்றுக்கொண்டவள். அமெரிக்காவில் ஒரு சங்கீதக் கல்லூரியில் சேர, நேரில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று புறப்பட்டாள். வாத்தியப் பெட்டியைத் திறந்து பார்த்த மன்னிக்கு, அதில் ஒரு மூலை வீணாகக் காலியாய்க் கிடப்பதாகப் பட்டது. எவர்சில்வர் டப்பாவில் பருப்புப் பொடியை அடைத்து அங்கே செருகிவிட்டாள். "பித்தளைதானே, என்ன ஆகிவிடப் போகிறது?"

விமானம் ஏறும் இடத்தில், பெட்டி பெரிதாக இருக்கிறது என்று சொல்லி, மற்றச் சாமான்களோடு கீழே போட வாங்கிக்கொண்டார்கள். போய் இறங்கித் திறந்தால், நடு வால்வின் உறையில் நெளிசல். பிஸ்டனை அமுக்கினால் கீழே போகிறது; மேலே வர மாட்டேன் என்கிறது. பரீட்சைக்கு இரண்டே நாள். "அத்தை, அம்மாகிட்டே சொல்லிடாதே" என்று டெலிபோனில் அழுதாள். (மன்னிக்கு விஷயம் தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.) டப்பாவுக்கு மட்டும் ஒரு கீறல் கிடையாது!

மன்னியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பித்தளை என்றால் நமக்குக் குடமும் அண்டாவும் குத்துவிளக்கும்தான். கிணற்றடியில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். ட்ரம்பெட்டும் செம்பும் துத்தநாகமும் கலந்த அதே பித்தளைதான். ஆனால் அதன் வாய் விரிகிற இடத்தில் தகட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். உள்ளே மேலும் கீழும் ஓடும் மூன்று பிஸ்டன்களுக்கும் அவற்றின் உறைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. உறை இம்மி நெளிந்தாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

நெளிந்ததால் நன்மை அடைந்தவரும் ஒருவர் உண்டு. 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விருந்தில், டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற ஜாஸ் மேதையின் ட்ரம்பெட்மேல் யாரோ விழுந்து, அதன் வாய் வானத்தைப் பார்த்து வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தார், அந்த நாதம் பிடித்துப்போய், பிறகு அதே மாதிரி வளைத்தே செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார். மன்னியின் டப்பாவுக்கு அந்தக் கைராசி இல்லை.

ஆகவே ட்ரம்பெட்டைக் குடத்தோடு சேர்க்காதீர்கள். கொலு பொம்மையோடு சேருங்கள். பெட்டி பரணிலிருந்து விழாமலே பொம்மை உடைவதுண்டு அல்லவா? உள்ளே ஆடி ஆடி ஒன்றோடொன்று மோதுவதுதான் காரணம். இங்கேயும் அதே சங்கதி. மௌத்பீஸ், சுரத்தை அடக்கும் ம்யூட், எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். தளர்ந்து கிடக்கிற எதுவும் உள்ளே சுத்தியல்தான்.

மௌத்பீஸ் கைப்பையில் இருக்கட்டும். நாகஸ்வரக்காரருக்குச் சீவாளி எப்படியோ அப்படி இது. வாத்தியத்தை யாரிடமாவது இரவல் வாங்கலாம். உதடு பழகிய மௌத்பீஸை இரவல் வாங்க முடியாது. அது இறுகிக்கொண்டு வராவிட்டால் குறடு போட்டுத் திருகாதீர்கள். பழுது பார்ப்பவர்களிடம் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. எண்ணெயில் தீப்பற்றக்கூடிய வகையும் உண்டு. அதை விமானத்தில் ஏற்றவே கூடாது. போகிற ஊரில் வாங்கிக்கொள்வதே நிம்மதி.

குழாயில் தங்கிய நீரை வடித்துத் துடைத்தபின், பழைய நூல் புடவையைக் கிழித்து, வாய்க்குள்ளும் சுற்றியுள்ள சந்துகளிலும் மெத்தென்று வையுங்கள், திணிக்க வேண்டாம். முக்கியமாக, பிஸ்டன்களின் தலைமேல் எதையும் வைக்காதீர்கள். மூடியை அழுத்திச் சாத்தும்போது பாரமெல்லாம் அவற்றின்மேல்தான் இறங்கும். மூடி, மெள்ள ஆட்டிப் பாருங்கள். 'தொம்' என்று கேட்டால் திறந்து மறுபடி கட்ட வேண்டியதுதான். கீழே போட்டே ஆக வேண்டுமானால், பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், நாலு பக்கமும் மேலும் கீழும் நான்கு விரற்கடை மெத்தை விட்டு இறக்குங்கள். சோதனைக்காகத் திறப்பவர் திரும்ப எப்படி வைப்பார் என்று யார் கண்டது? வாத்தியம் உள்ளே இருக்கிற நிலையைப் படமெடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

கூடியவரை கையோடு கொண்டுபோவதே மேல். ட்ரம்பெட் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். ஆனால் அளக்க வேண்டியது பெட்டியை. பல கம்பெனிகள் 55 செ.மீ. நீளத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அமெரிக்க விமானக் கம்பெனிகளுக்கு 2015 மார்ச் முதல் ஒரு விதி உண்டு: ஏறும் சமயத்தில் மேலே இடம் இருந்தால், சிறிய வாத்தியத்தை அங்கே வைக்க விட வேண்டும், பின்னால் வருகிறவரின் பெட்டிக்காக அதை இறக்கச் சொல்லக் கூடாது. ஆகையால் முதலில் ஏறுகிறவர்களோடு ஏறிவிடுவது புத்திசாலித்தனம். மற்றக் கம்பெனிகளிடம் டிக்கெட் வாங்குமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த வாத்தியமானால், புறப்படும்போதே சுங்க அதிகாரிகளிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது வரித் தகராறு வராது. ட்ரம்பெட்டின் நம்பர் பெரும்பாலும் நடு வால்வின் உறையில் வெட்டியிருக்கும்.

அண்ணா பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? மௌத்பீஸ் தற்செயலாக அவள் கைப்பையிலேயே இருந்தது. கல்லூரியில் ஒரு ட்ரம்பெட் இரவல் கொடுத்தார்கள், வாசித்தாள், இடமும் கிடைத்தது. அவளுடைய ட்ரம்பெட்டைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது.

லீவுக்கு வந்துவிட்டு அவள் திரும்பியபோது, மன்னி வாத்தியப் பெட்டியின் பக்கமே போகவில்லை. தன் பழைய சுங்குடிப் புடவை ஒன்றைக் கிழித்துக் கொடுத்ததோடு சரி. பருப்புப் பொடி, ரவிக்கைகளுக்கு நடுவே, வேறு பெட்டியில் போயிற்று.