சாலையோர மண்ணைச் சோதிப்பது யார்?

நெடுஞ்சாலை வருகிறது என்றால், எத்தனை ஏக்கர் போகிறது, இழப்பீடு எவ்வளவு என்பதே பேச்சாக இருக்கிறது. 2018-ல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு எழுந்த எதிர்ப்பிலும் கையகப்படுத்தும் நிலமே முன்னே நின்றது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய வயலின் மண் என்ன ஆகும்?

டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு சிறிதளவு காட்மியமும் வரும். பல பிரேக் பேடுகளில் செம்பு இருக்கிறது. வண்டி ஓட ஓட இவை தேய்ந்து தூசியாகின்றன. காற்றில் பறந்தது பயிரில் படிகிறது, மழையில் கரைந்தோடியது வாய்க்கால் வழியே வயலில் இறங்குகிறது. மின்சார வண்டி புகை விடாது. ஆனால் அதற்கும் டயர் தேயும்.

ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-ல் நிறுத்தியது. ஆனால் ஈயம் மக்குவதில்லை, எளிதில் ஆழத்துக்கும் போவதில்லை. பழைய சாலைகளின் ஓரத்தில் அன்று விழுந்தது, உழவு படும் மேல்மண்ணிலேயே கிடக்கும்.

சாலையிலிருந்து சில பத்து மீட்டர் தள்ளினாலே இந்த உலோகங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அரை ஏக்கர் விவசாயிக்கு அதில் என்ன ஆறுதல்? அவர் நிலம் முழுவதும் அந்த சில பத்து மீட்டருக்குள் அடங்கிவிடலாம். அங்கே கீரை போட்டிருந்தால் கவலை கூடுகிறது. இலைமேல் படிந்த தூசியைக் கழுவிவிடலாம். வேர் வழியே ஏறிய காட்மியத்தைக் கழுவ முடியாது.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்கிறது. துத்தநாகமும் செம்பும் அதில் உண்டு, பயிருக்குப் பற்றாக்குறையா என்று பார்ப்பதற்காக. ஈயமும் காட்மியமும் பட்டியலிலேயே இல்லை. போதாததற்கு, வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் தவிர்த்து மாதிரி எடுப்பதுதான் முறை. உரப் பரிந்துரைக்கு அது சரியான முறையே. ஆனால் சாலையை ஒட்டிய ஓரத்து மண் ஆய்வகத்தை எட்டுவதேயில்லை.

சாலையை அகலப்படுத்தும் பணியில் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் நிழல் மட்டுமா தந்தன? தூசியையும் அவை தடுத்து நின்றன. சாலைக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கமான உயிர்வேலி வளர்ப்பதைச் சாலை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.

நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்களுக்கு ஈயம், காட்மியம் சோதனையை வேளாண் துறை இலவசமாகச் செய்து தர வேண்டும். சாலையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களே, அடுத்த முறை மண் கொடுக்கும்போது ஓரத்து மண்ணைத் தனிப் பையில் கட்டிக் கொடுத்து, இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.