காலித் தொட்டி காலியன்று

விபத்து நேர்ந்தபின் அதன் காரணத்தை ஆராயப் புகுவோர், யந்திரத்தின் கோளாறையோ மனிதனின் கவனக்குறைவையோ சுட்டிக்காட்டுவது வழக்கம். அம்மனிதனின் மனத்தில் இருந்த ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டுவோர் அரியர். பெட்ரோலைப் பொறுத்தவரையில் அத்தகைய சொல் ஒன்று உண்டு. அது ‘காலி’ என்பது. பழைய டிராக்டர் ஒன்றின் பெட்ரோல் தொட்டியை வடிப்பது போன்ற சாதாரண வேலையிலும் அச்சொல் எவ்வளவு அபாயத்தை விளைவிக்கக்கூடும் என்பதையும், எச்சரிக்கைப் பலகைகளிலிருந்தும் கையேடுகளிலிருந்தும் அதனை ஏன் விலக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தீத்தடுப்பு என்ஜினியராகப் பணியாற்றிக்கொண்டே மொழியியல் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். 1939-இல் அவர் எழுதி, 1941-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதனை விளக்கியிருக்கிறார். பெட்ரோல் பீப்பாய்களுக்கு அருகில் மக்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் நடந்துகொள்கின்றனர்; ‘காலி’ப் பீப்பாய்கள் என்று பெயரிடப்பட்டவற்றின் அருகிலோ புகை பிடிக்கவும் தயங்குவதில்லை. உண்மையில் பின்னவையே அதிக அபாயமானவை என்றார் அவர். மொழி மனித சிந்தனையை எவ்வளவு தூரம் வரையறுக்கிறது என்பது பற்றிய அவருடைய கொள்கையை அறிஞர் பலர் மறுத்துள்ளனர். ஆனால் தீ விபத்துக்களைக் கண்ணெதிரே ஆராய்ந்தவர் என்ற முறையில் அவர் கண்ட இவ்வுண்மையை மறுப்பதற்கில்லை.

இன்று நம் நாட்டு வயல்களில் உழும் டிராக்டர்கள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. எனினும் முற்காலத்தில் பெட்ரோல் டிராக்டர்கள் ஏராளமாக உற்பத்தியாயின. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட ‘பெர்குசன் டி.ஈ. 20’ வகை டிராக்டர்கள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. இவற்றுள் பெட்ரோலில் ஓடுபவை, மண்ணெண்ணெய் வகையில் ஓடுபவை, டீசலில் ஓடுபவை என்னும் பிரிவுகள் இருந்தன. அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை வெளிவந்த ‘போர்டு 8 என்’ பெட்ரோல் டிராக்டரும் புகழ்பெற்றது. இத்தகைய பழைய வண்டிகளைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டுவோர் பல நாடுகளில் உள்ளனர். அவ்வேலையில் முதற்படி, நெடுநாள் தேங்கிய பெட்ரோலை வடித்தெடுப்பதாகும். நாட்பட்ட பெட்ரோலில் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலோ காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். இந்தியாவில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டபடியால், தெளிப்பான், புல்வெட்டி முதலிய சிறு பெட்ரோல் யந்திரங்கள் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

இனி, பெட்ரோலின் இயல்பைக் கவனிப்போம். பெட்ரோல் என்னும் திரவம் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. மண்ணெண்ணெய் 35 டிகிரி சென்டிகிரேடையோ அதற்கு மேற்பட்ட உஷ்ணநிலையையோ எட்டினால்தான் பொறி பட்டதும் பற்றும் அளவு ஆவியைத் தரும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரியிலேயே அவ்வளவு ஆவியைத் தந்துவிடும். அடுப்பங்கரையில் மண்ணெண்ணெயைக் கையாண்டு பழகிய கை, அதே பழக்கத்தைப் பெட்ரோலிடமும் காட்டுவது எவ்வளவு பெரும் பிழை என்பது இதனால் விளங்கும். மேலும், பெட்ரோல் ஆவி காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளங்களில் தேங்கி, தொலைவிலுள்ள அடுப்பையும் சென்றடையும்.

அந்த ஆவியும் எல்லா நிலையிலும் பற்றுவதில்லை. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது, 7.6 பங்குக்கு மிகுந்தாலும் பற்றாது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட கலவையே வெடிக்கும். இப்பொழுது 40 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 1.4 பங்கு என்பது அரை லிட்டருக்குச் சற்று மிகுந்த ஆவி. அவ்வளவு ஆவியை உண்டாக்க வேண்டிய திரவப் பெட்ரோல் எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர். அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தொட்டியின் மூலையிலும் மடிப்பிலும் துருவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரமே இதற்குப் போதும்.

இங்கேதான் சாதாரண அறிவுக்கு முரணான உண்மை ஒன்று வெளிப்படுகிறது. பெட்ரோல் நிறைந்த தொட்டிக்குள் ஆவி பெரும்பாலும் மேல் எல்லையையும் தாண்டி அடர்ந்திருக்கும். ஆகையால் தொட்டியின் உட்புறம் வெடிப்பது அரிது. பெட்ரோலை வடிக்க வடிக்க அவ்விடத்தில் காற்று புகுகிறது. அடர்ந்த ஆவி நீர்த்து, வெடிக்கும் எல்லைக்குள் வந்து சேர்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் அந்தத் தருணமே தொட்டி மிகவும் அபாயமாகும் தருணம். நாம் ‘காலி’ என்கிறோம், தொட்டியோ காலியாகவில்லை.

வடிக்கும் முறையையும் இவ்வுண்மைகளிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம். வண்டியைத் திறந்த வெளியில், யந்திரம் முற்றும் ஆறிய பின், வெயில் ஏறாத வேளையில் நிறுத்த வேண்டும். கொட்டகைக்குள்ளோ, பழுதுபார்க்கும் பள்ளத்தின் மேலோ கூடாது. முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. வண்டியின் உடலோடு இணைந்துள்ள முனையையே முந்திக் கழற்ற வேண்டும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் அது நேர்முனையாக இருக்கும் என்பதை மறவாதீர்கள். தொட்டி யந்திரத்துக்கு மேலே அமைந்திருப்பதால் பெட்ரோல் தானே இறங்கிவரும். தொட்டியின் அடியிலுள்ள திருகை மூடி, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர்க் குழாயைப் பொருத்தி, தரையில் வைத்த உலோகக் கலத்திற்குள் இறக்கிய பின் திருகைத் திறக்கலாம். திருகுக்கு ‘ஒதுக்கு’ நிலை இருப்பின் அதையும் திறந்தால்தான் அடியிலுள்ளது வெளிவரும். கார்புரேட்டரின் கிண்ணத்திலும் வண்டல் சேரும் கண்ணாடிக் கிண்ணத்திலும் நிற்பதையும் வடித்துவிட வேண்டும். மணல் வாளியும், இரசாயனப் பொடி நிரம்பிய தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயின்மேல் நீரைக் கொட்டினால், பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். விழுங்கிய பெட்ரோலைக் காட்டிலும், புரையேறி நுரையீரலுக்குள் சென்ற பெட்ரோல் கொடியது. சிறிதளவு சென்றாலும் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பாயும் பெட்ரோல் மின்னூட்டம் பெறுகிறது என்பதையும் பலர் அறியார். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஏறத்தாழக் கால் பங்கு சக்தியே போதும். அவ்வளவு சிறிய பொறியை நம் விரல் உணர்வதுமில்லை. ஆதலால் கலத்தையும் வண்டியின் உடலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் வாளி இதற்கு உதவாது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டுவதோ பெருங்குற்றம். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோ நாட்டின் குவாதலஹாரா நகரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் சாக்கடைகளில் பரவி வெடித்ததில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெருக்கள் நெடுந்தூரம் பிளந்தன.

வடித்தபின் என்ன செய்வது? பழைய தொட்டியில் ஓட்டை இருந்தால், உடனே வெல்டிங் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே பலருடைய வழக்கம். உயிரைப் பறிப்பது இந்த இரண்டாவது படியே. பெட்ரோல் மணம் வீசவில்லை என்பது சான்றாகாது. மூடி திறந்து பல நாள் வைத்திருந்ததும் சான்றாகாது. உள்ளே படிந்த பிசினும் துருவும் சூடேறியதும் மீண்டும் ஆவியை வெளியிடும். நீராவியாலோ கொதிநீராலோ தொட்டியை முற்றும் கழுவி, ஆவி அளக்கும் கருவியால் சோதித்துத் தேறிய பின்னரே தகுந்த பயிற்சியுடையவர் அதில் நெருப்பை வைக்கலாம். அவ்வசதி இல்லாத பட்டறை அவ்வேலையை ஏற்கலாகாது. தொட்டியை மாற்றுவதற்கு ஆகும் செலவு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பட்டறைப் பையனின் உயிருக்கு ஈடாகாது.

“முப்பது ஆண்டுகளாக இப்படியே செய்துவருகிறோம், ஒன்றும் நேரவில்லை” என்று அனுபவசாலிகள் கூறுவதுண்டு. அவர்கள் கூற்று பொய்யன்று. கலவை சில வேளை மிக அடர்ந்தும் சில வேளை மிக நீர்த்தும் இருந்தபடியால் அவர்கள் தப்பினர். இரு எல்லைகளுக்கும் இடையே அது நின்ற ஒரு நாளில் அருகில் பொறி இல்லாதிருந்ததும் அவர்கள் பேறு. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று கொள்வது விஞ்ஞான மனப்பான்மை ஆகாது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆங்கிலத்தில் ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் சொல்லின் முன்னெழுத்துக்களை எதிர்மறை என்று கருதி, ‘தீப்பற்றாதது’ எனப் பொருள் கொள்வோர் உண்டு. நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் லாரிகளின் பின்புறத்தில் இன்றும் அச்சொல்லைக் காண்கிறோம். நம் மொழிகளில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. ‘எளிதில் தீப்பற்றும்’ என்ற தொடர் எவருக்கும் விளங்கும். அவ்வாறே ‘காலி’ என்ற சொல்லையும் பெட்ரோல் கலங்களைப் பொறுத்தவரையில் நாம் கைவிட்டு, ‘ஆவித் தொட்டி’, ‘ஆவிப் பீப்பாய்’ என்று எழுதலாம். கழுவிச் சோதித்துத் தேறியதற்கு மட்டும் ‘ஆவி நீங்கியது’ என்று, சோதித்த தேதியுடன் சீட்டுக் கட்டலாம். கலங்கள் இரு நிலையில்தான் இருக்க முடியும் என்பதை இப்பெயர்களே தொழிலாளிக்கு உணர்த்தும். இடைப்பட்ட மூன்றாவது நிலை ஒன்று இல்லை.

இதற்குப் புதிய சட்டமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடங்களிலும், யந்திரங்களுடன் வரும் கையேடுகளிலும், பட்டறைச் சுவர்களிலும் அந்தந்த வட்டாரத்தின் மொழியில் இச்சொற்கள் இடம்பெற வேண்டும். அவற்றை முதலில் படிக்க வேண்டியவர் அதிகாரியல்லர். திருப்புளியும் கையுமாகத் தொட்டியின் அருகில் நிற்பவரே.