கடற்கரை ஓட்டலின் ‘உள்ளூர் இறால்’

கோடை வந்துவிட்டால் பணக்காரப் பத்திரிகைகளுக்கு உபதேசம் பொங்கி வழிகிறது. “குடும்பத்தோடு கடற்கரைக்குப் போங்கள், உள்ளூர் மீனை ருசியுங்கள்!” நல்ல யோசனைதான். ஆலைத் தொழிலாளி மனைவி மக்களோடு மாமல்லபுரத்தில் உட்கார்ந்து வஞ்சிர வறுவல் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? உழைப்பவனுக்குக் கஞ்சி போதும், கடற்காற்று ஆடம்பரம் என்று பேசும் கனவான்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். தட்டில் இருப்பது எந்த ஊர் மீன்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம், தடை நியாயமானதே. பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நாட்களில்தான் வருகிறது. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்சம் மீன் போக, மற்றதெல்லாம் ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வருவது. ஓட்டல் பலகையோ “இன்று பிடித்தது” என்று கூசாமல் சொல்லும்! விலையும் அதற்குத் தக்கபடி. விசைப்படகில் உழைக்கும் மீனவனோ, அந்த 61 நாளையும் சர்க்கார் தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில் தள்ள வேண்டும். நாளுக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு! அவன் குழந்தைகளுக்கும் அப்போது விடுமுறைதான்.

இறாலின் கதை இதைவிட மோசம். இன்று பெரும்பாலும் தட்டுக்கு வருவது வனாமி இறால். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரை. 2009இல்தான் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. கடலையே பார்க்காமல் குட்டையில் தீவனம் தின்று வளர்ந்ததற்குப் பெயர் ‘உள்ளூர் கடல் உணவு’!

அந்தக் குட்டைகள் எங்கே வந்தன என்று நாகை வட்டாரத்து விவசாயத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990களில் டைகர் இறால் மோகத்தில் நெல் விளைந்த மண்ணை வெட்டி உப்புத் தண்ணீர் விட்டார்கள். பக்கத்து வயல் உவர்ந்தது, கிணறு கரித்தது. நாற்று நடவும் களை பறிக்கவும் அறுக்கவும் ஊரே இறங்கிய இடத்தில் நாலு காவலாள் போதும் என்றாயிற்று. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் கடலோரக் குட்டைகளை இடிக்கச் சொன்னது. விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்றும் சொன்னது. நடந்ததென்ன? 2005இல் பார்லிமெண்ட் புதுச் சட்டம் போட்டு, தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. கூலிக்காரன் குடிசையைக் காலிசெய்ய இத்தனை சட்டம் தேவைப்பட்டதுண்டா?

நல்ல இறால் நம் ஊர் ஓட்டலுக்குக்கூட வருவதில்லை. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் பொருள்களின் மதிப்பு சுமார் 60,500 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் சுமார் 40,000 கோடி. ஐஸில் கை விறைக்க, கிலோவுக்கு இத்தனை என்று கூலி வாங்கி ஓடு உரிக்கும் பெண்களில் எத்தனை பேர் அந்த இறாலைத் தன் பிள்ளைக்குக் குழம்பு வைத்துப் போட்டிருப்பார்கள்?

விடுமுறை என்கிறார்களே, அது யாருக்கு? 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏட்டில் எழுதியது. காண்ட்ராக்ட் தொழிலாளி அதைக் கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா? விவசாயத் தொழிலாளிக்கோ ஏட்டில்கூட இல்லை. வேலை கிடைக்காத நாளே அவன் விடுமுறை.

சம்பளத்துடன் லீவு வேண்டும். ஓட்டல் பலகையில் மீன் எங்கிருந்து வந்தது, குட்டையா கடலா என்று எழுதப்பட வேண்டும். அதுவரை, கடற்கரைக்குப் போகிற தோழர்கள் கண்ணாடிக் கதவு ஓட்டலைத் தாண்டி நாலடி நடந்து, குப்பத்துப் பெண்கள் போட்டிருக்கும் வறுவல் கடையில் உட்காருங்கள். சங்கராவா, நெத்திலியா, காரப்பொடியா, எந்தப் படகில் வந்தது என்று கேளுங்கள். அந்த அம்மா படகுக்காரர் பெயரையே சொல்வார்.