பந்தயத் தடமும் பஸ் போகும் ரோடும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் அக்கா பேரன், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிப்பவன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பைக் ஓட்டுகிறான். மீட்டரில் 120. கீழே அவன் சித்தப்பா "எங்க வீட்டு நரேன் கார்த்திகேயன்" என்று போட்டிருந்தார். இதயம், கைதட்டல் என்று இருபது பேர். நானும் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். மறுநாள் காலையில் சரியாகப் பார்த்தபோதுதான், எதற்கு ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறேன் என்று புரிந்தது.

பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். "ராத்திரி ரெண்டு மணி தாத்தா. ரோடு காலியா இருந்துச்சு" என்றான்.

"காலியா இருக்குன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

நான் பந்தயத்துக்கு எதிரி இல்லை. கல்லூரி நாளில் நண்பர்களோடு பஸ் பிடித்துச் சோழவரம் போய், வெயிலில் நின்று பந்தயம் பார்த்தவன்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். காரும் ஓடும், பைக்கும் ஓடும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அவர் பந்தயம் தொடங்கியது ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில். கடற்கரைச் சாலையில் அல்ல.

தடத்தில் அப்படி என்ன வித்தியாசம்? வேகம் அங்கே இன்னும் அதிகம்தான். ஆனால் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். எதிரே லாரி வராது. வளைவைத் தாண்டி வெளியே போனால் கல்லும் மண்ணும் கொட்டிய வெற்றிடம், அதற்கப்பால் டயர் அடுக்கிய தடுப்பு. ஓட்டுபவர் தலை முதல் கால் வரை கவசம் போட்டிருப்பார். ஓடுவதற்கு முன் வண்டியைப் பரிசோதிப்பார்கள். ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக இல்லாமல் பந்தயம் தொடங்காது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், கொடி பிடித்து நிற்கும் ஆட்கள். தடம் நெடுக ஆங்காங்கே நிற்பார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் அங்கே நிற்கிறான். அந்த நம்பிக்கையில்தான் அவன் வேகமாகப் போகிறான். நம் பையனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கொடி காட்ட யார் நின்றார்கள்?

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றே வைத்துக்கொள்வோம். 60-இல் போனால் பிரேக் பிடித்த பிறகு சுமார் 20 மீட்டர். 120-இல் சுமார் 80 மீட்டர். பிரேக்கைப் பிடிக்க மனசு முடிவெடுக்கும் ஒரு நொடியிலேயே வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 113 மீட்டர். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்தில் ஒரு கறுப்பு மாடு தெரியுமா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை இத்தனை வருஷம் நான் பொதுவில் பேசியதில்லை. சம்பந்தப்பட்ட மாணவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த லீவில் இரண்டு பேர் பைபாஸில் போட்டி போட்டார்கள். விடியாத நேரம். அப்போதும் ரோடு "காலி"தான். சைக்கிளில் பால் கேனோடு குறுக்கே வந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். என் மாணவனுக்குக் கை முறிந்தது, சேர்ந்துவிட்டது. அவனுக்கு இன்று வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "சார், அந்தப் பால்காரர் வீட்டு வழியா இப்பவும் என்னால போக முடியல" என்றான் போனில்.

தடத்தில் சாவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023-இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும், ஆகஸ்டில் பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவனும் இறந்தார்கள். அந்த வயதில் பந்தயம் வேண்டுமா என்று எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. ஆனால் தடத்தில் இறங்குபவர்கள் ஆபத்து தெரிந்து இறங்குகிறார்கள். பால்காரர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

பையன்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பைக் விளம்பரம் எல்லாவற்றிலும் பந்தய வீரனைக் காட்டிவிட்டு, வாங்கியவனிடம் மெதுவாகப் போ என்கிறோம். 2024-இல் அரசே முன்னின்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடத்தியது. அதே அக்கறையோடு, மாதம் ஒரு நாளாவது இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் லைசென்ஸ் உள்ள சாதாரண வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில், பயிற்சியாளர் மேற்பார்வையில் ஓட்ட வழி செய்யலாம். வண்டி விற்கும் கம்பெனிகள் செலவில் பங்கு தரலாம். ஆசையை அடக்கு என்று மட்டும் சொன்னால் அது ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியே வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மார்க் வாங்கினால் பைக் என்று பேரம் பேசுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

என் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். மற்ற இருபது பேரும் எடுத்துவிடுங்கள். பேரனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: அடுத்த பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டைக்கு நாம் இரண்டு பேரும் போகிறோம், டிக்கெட் என் செலவு, பஸ்ஸில்தான் போக வேண்டும். சரி என்றிருக்கிறான்.

அந்தப் பக்கம் இருக்கும் மாணவர்கள் யாராவது அன்று வந்தால் சந்திக்கலாம். ஹெல்மெட் போட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்