அந்த அக்கா மடித்து வைத்த தாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கான மருத்துவ முகாம் ஒன்றில் உதவிக்குப் போயிருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்ததும் கடைசி மேசையில் உணவு ஆலோசனை. "நீங்க சாப்பிடுறது உடம்புல அழற்சிய உண்டாக்குது. மைதா, சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் நிறுத்துங்க. பழம், காய், பாதாம் சேத்துக்கங்க" என்று சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா அதை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்குக் காலை ஐந்தரைக்கு வருகைப் பதிவு. அதற்காக நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார். வழியில் ஒரு டீ, ஒரு பன். அடுத்த சாப்பாடு பதினொரு மணிக்கு மேல்தான்.

அந்தத் தாளில் இருந்தது பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையெல்லாம் 'மேட்டுக்குடி டயட் பேச்சு' என்று ஒதுக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. காயம் பட்டாலோ கிருமி நுழைந்தாலோ உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் வருடக்கணக்கில் சாம்பலுக்குள் நெருப்பாகக் கிடந்தால் ரத்தக் குழாயின் உட்சுவர் கெடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து பெற்றவர்களிடம் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆக, அழற்சி வெறும் அறிகுறி அல்ல, நோயை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

உணவு எங்கே வருகிறது? தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'உணவு அழற்சிக் குறியீடு' 45 கூறுகளை வைத்து நம் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுகிறது. இந்த மதிப்பெண் கூடியவர்களிடம் இதய நோயும் பெருங்குடல் புற்றுநோயும் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. (தொடர்பு இருக்கிறது என்பது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு. மோசமாகச் சாப்பிட நேர்கிறவர்கள் பெரும்பாலும் குறைவாகத் தூங்குகிறவர்களாகவும் இருக்கிறார்கள்.) அந்த 45-ல் அழற்சியைத் தணிக்கும் பக்கம் நார்ச்சத்து, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றோடு வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. 'சாத்விகம்' என்ற பெயரில் பிள்ளைகளின் தட்டிலிருந்து எதை எடுக்கச் சொல்கிறார்களோ, அதேதான்! தேநீரும் அந்தப் பக்கம்தான். அக்காவின் டீயில் குற்றமில்லை, அதில் விழும் சர்க்கரையும் கூட வரும் பன்னும்தான் சிக்கல்.

மாட்டுக்கறியைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுவோம். சிவப்பு இறைச்சி புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது உண்மை. உப்பிட்டு, புகையிட்டுப் பதப்படுத்திய இறைச்சி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை என்றது. அதை மறைத்து அரசியல் பண்ண வேண்டியதில்லை. ஆனால் உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சொல்லும் வரம்பு, வாரத்துக்குச் சமைத்த இறைச்சி 350 முதல் 500 கிராம். எங்கள் காலனியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கினால் ஐந்து பேர் சாப்பிடுகிறோம். ஆளுக்கு 200 கிராம், அதுவும் பச்சைக் கறியாக. அந்த ஒரு வேளையை நோய் என்று பேசுகிறவர்கள் ஏன் தினமும் வரும் பன்னைப் பற்றிப் பேசுவதில்லை?

ரேஷனில் அரிசி இலவசம். சர்க்கரை மலிவு, பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். இந்த ரேஷன் இல்லாவிட்டால் என் வீட்டிலேயே பட்டினி இருந்திருக்கும், அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: அரிசி மூட்டையாக வருகிறது, பருப்பு மாதம் ஒரு கிலோ, காய்கறி இல்லை. பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு. அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு என்று விவசாயிகள் வெகுநாளாகப் போராடுகிறார்கள். விலை கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. உடம்பு நம்முடையது. அந்தப் பந்தலில் நம் அமைப்புகளின் கொடி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்து தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்றார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் இலவசக் காலை உணவு அறிவிப்பு வந்தது. பன்னைவிட அது நல்லது, சந்தேகமே இல்லை. கேட்டது அதுவல்ல என்பதிலும் சந்தேகமில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பயமும் நாலு மணி விழிப்பும் கூட அழற்சியைக் கூட்டும். எந்த உணவுத் தாளிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025-ல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்துவிட்டது. கல்லூரி விடுதியில் மாணவர் ஒருவருக்கு உணவுப்படி 2023-ல் உயர்த்தப்பட்டு மாதம் 1,500 ரூபாய் ஆனது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 500 கிராம் வேண்டும். கிலோ 40 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் அதற்கே 20 ரூபாய் போய்விடும். இந்த வாரம் முழுக்க உங்கள் தட்டில் என்ன விழுந்தது என்று வேளை வேளையாக எழுதுங்கள். கீரை எத்தனை நாள், முட்டை எத்தனை நாள், சாம்பாரில் பருப்பு தெரிந்ததா என்பது வரை. சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். வார்டன் கேட்டால், படிப்புக்கான புராஜெக்ட் என்று சொல்லுங்கள். சமூகவியல் படிப்பவர்களுக்கு அது பொய்யும் இல்லை.